டவுன் ஹாலும் நம் மொட்டைமாடியும்

அன்புள்ள தம்பிக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நாடக ஒத்திகை முடிந்து பாயைச் சுருட்டும்போது, "நமக்கெல்லாம் எதுக்குண்ணே மேடை? மொட்டைமாடியோட நிறுத்திக்கலாம்" என்றாய். அரங்க வாடகையை விசாரித்துவிட்டு வந்த நாள் அது. எனக்கும் மனசு விட்டுப்போயிருந்தது, பதில் சொல்ல வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

பார்க் ஸ்டேஷனில் இறங்கித்தானே தினமும் வேலைக்குப் போகிறாய்? ரிப்பன் மாளிகைக்குப் பக்கத்தில் செங்கல் சிவப்பில், திருவாங்கூர்ப் பாணிக் கூரை போட்ட கோபுரத்தோடு ஒரு கட்டடம் நிற்கிறது. விக்டோரியா பப்ளிக் ஹால். வெள்ளைக்காரன் ராணிக்குக் கட்டியது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ராணியின் பெயர் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது, அவருடைய பொன்விழாவை ஒட்டி. சென்னைக்கென்று ஒரு டவுன் ஹால் வேண்டும் என்று ஊர்ப் பிரமுகர்கள் கூடிப் பேசி, நன்கொடை திரட்டி எழுப்பியது அது. 1883-இல் இன்றைய ஆந்திரத்திலுள்ள விஜயநகரம் சமஸ்தானத்து மகாராஜா அடிக்கல் நாட்டினார். வரைபடம் ராபர்ட் சிஸ்ஹோம், கட்டியவர் நம்பெருமாள் செட்டி. 1897-இல் விவேகானந்தர் அங்கே பேசியிருக்கிறார். சென்னையில் சலனப்படம் காட்டிய ஆரம்ப இடங்களில் அதுவும் ஒன்று.

ஆனால் நான் சொல்ல வந்தது நாடகத்தைப் பற்றி. தமிழ் நாடகத் தந்தை என்று சொல்லப்படும் பம்மல் சம்பந்த முதலியாருக்குச் சின்ன வயதில் தமிழ் நாடகம் என்றாலே பிடிக்காதாம். பல்லாரி கிருஷ்ணமாச்சார்லுவின் குழு சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகம் போட்டது. படித்தவர்கள், உத்தியோகத்தில் இருப்பவர்கள் வேஷம் கட்டி நடித்ததைப் பார்த்து அசந்துபோனார். 1891 ஜூலையில் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு சுகுண விலாச சபா என்ற நாடகக் குழுவைத் தொடங்கிவிட்டார். அப்போது அவருக்கு வயது 18, உன்னைவிடச் சின்னவர். அந்தச் சபா வருஷக்கணக்காக நாடகம் போட்டது இந்த ஹாலில்தான். பகலில் கோர்ட், ஆபீஸ், சாயங்காலம் ஒத்திகை. அவருடன் பெண் வேடத்தில் நடித்த ரங்கவடிவேலுவும் வக்கீல்தான். விடிய விடிய நடந்துகொண்டிருந்த நாடகத்தைச் சில மணி நேரத்துக்குச் சுருக்கியதும், சொன்ன நேரத்துக்குத் திரை தூக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றதும் சம்பந்த முதலியார்தான். மறுநாள் காலையில் வேலைக்குப் போக வேண்டியவர்களுக்கு அதன் அருமை தெரியும். நமக்குத் தெரியாதா?

அதனால்தான் சொல்கிறேன், நாடகத்துக்கு நாம் வேண்டாத விருந்தாளி இல்லை. நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு ஹால் கிடைத்ததால்தான் நவீன தமிழ் நாடகம் இந்த ஊரில் காலூன்றியது. அப்புறம் சபா மவுண்ட் ரோடுக்குப் போனது, சினிமா வந்தது, கட்டடம் பல வருஷம் பூட்டிக் கிடந்தது. அரச மரக்கன்று சுவரைப் பிளந்து வளர்ந்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன். பிறகு மாநகராட்சி புதுப்பிக்கும் வேலையை எடுத்தது. சாரம் கட்டியதைப் பார்த்த அன்று, ஆபீசுக்கு நேரமானாலும் பரவாயில்லை என்று கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

புதுப்பித்த சுவரை வெளியிலிருந்து பார்த்து ரசிப்பதோடு முடிந்துவிடக் கூடாது என்பதுதான் என் ஆதங்கம். வாரத்தில் ஒரு மாலையாவது நம்மைப் போன்ற சின்னக் குழுக்களுக்குக் கட்டுப்படியாகிற வாடகையில் மேடை தர வேண்டும் என்று ஒரு மனு எழுதியிருக்கிறேன். நம் குழுவில் ஐந்து பேர் கையெழுத்துப் போட்டாயிற்று. உன் இடம் காலியாக இருக்கிறது.

ஞாயிறு நாலு மணிக்கு வா. இரண்டாம் காட்சியில் அந்த அப்பா வேடத்துக்கு உன்னைத் தவிர ஆள் இல்லை.

அன்புடன்,
அண்ணன்