சேலம் மலையேற்றச் சங்கச் செயலாளர் அறிக்கை, 2020–21

தலைவர், பொருளாளர், உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். தேர்தல் வேலைக்குப் போன ஆசிரிய உறுப்பினர்கள் திரும்பட்டும் என்று கூட்டத்தைத் தள்ளி வைத்தோம், அதற்குள் கொரோனா தொற்று மறுபடியும் ஏறத் தொடங்கிவிட்டது. அதனால் முகக்கவசம் போட்டபடியே கேட்டுவிடுங்கள், சுருக்கமாக முடிக்கப் பார்க்கிறேன்.

முதலில் நேபாளத்து அன்னபூர்ணா மலை. 4,130 மீட்டரில் இருக்கும் அடிவார முகாமுக்கு 2020 ஏப்ரலில் போவதாக இருந்தோம். இரண்டு வருடம் சீட்டு போட்டுச் சேர்த்த பணம். மார்ச்சில் நேபாளம் மலையேற்ற அனுமதியை நிறுத்தியது, 23ஆம் தேதியிலிருந்து இந்தியாவில் வெளிநாட்டு விமானங்கள் நின்றன, 25ஆம் தேதி நம் நாடே பூட்டிக்கொண்டது. அடுத்த ஓராண்டு முழுக்க வெளிநாட்டு விமானங்கள் வழக்கம்போல் ஓடவில்லை. பயண ஏற்பாட்டாளர் முன்பணத்தில் பாதியைத் திருப்பிவிட்டார், மீதிக்கு ஒரு வவுச்சர் கொடுத்திருக்கிறார். எந்த வருடம் செல்லும் என்று அதில் போடவில்லை. போன் செய்தால் 'சார், ஆகட்டும் சார்' என்கிறார், அவ்வளவுதான்.

ஆகஸ்ட் வரை மாவட்டம் தாண்டவே இ-பாஸ் வேண்டியிருந்ததால் ஆளாளுக்கு மொட்டைமாடியில் நடந்துகொண்டிருந்தோம். அப்போதுதான் ஒரு உறுப்பினர் குழுவில் ஒரு படம் போட்டார், அவர் வீட்டு மாடியிலிருந்து தெரியும், நம் சேலத்துக் கஞ்சமலை. 'இதுல நம்மள்ல யாராச்சும் ஏறியிருக்கோமா?' என்று கேட்டிருந்தார். ஒருத்தரும் பதில் போடவில்லை. சேலத்தில் பிறந்து வளர்ந்து, அமாவாசைக்கு அமாவாசை மலையடிவாரத்துச் சித்தர் கோயிலுக்குப் போய் உப்பும் மிளகும் போட்டுவிட்டு வருகிறவர்கள், மேலே அண்ணாந்து பார்த்ததோடு சரி. எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வனத்துறையிடம் சொல்லி அனுமதி வாங்கி, அக்டோபர் கடைசி ஞாயிறு விடியற்காலையில் ஏறினோம். முந்தின நாள் மழையில் தடமெல்லாம் சேறு. பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை ஒரு பையன் கயிற்றில் கட்டி ஓடை மணலில் இழுத்துக்கொண்டே வந்தான். தூக்கிப் பார்த்தால் கம்பளிப்பூச்சி மயிர் மாதிரி கறுப்பு மணல் சிலிர்த்துக்கொண்டு ஒட்டியிருக்கிறது. மலை முழுக்க இரும்புத் தாது என்று பள்ளியில் படித்ததுதான், 19ஆம் நூற்றாண்டில் பரங்கிப்பேட்டை இரும்பு ஆலை வைத்த ஹீத் என்ற வெள்ளைக்காரர் சேலத்துத் தாதுவைத் தேடி வந்த கதையும் தெரியும். ஆனால் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். பொருளாளர் உட்பட நாலு பேர் காந்தத்தைப் பிடுங்கிப் பிடுங்கி விளையாடியதில் அரைமணி நேரம் போயிற்று.

இறங்கும்போது தடம் தவறினோம். இதை அறிக்கையில் எழுத வேண்டாம் என்று இருவர் கேட்டுக்கொண்டார்கள், எழுதுகிறேன். போன் வரைபடத்தை நம்பி முன்னே போனது நான்தான். முள்ளுக்குள் ஒன்றரை மணி நேரம் சுற்றி, தண்ணீரும் தீர்ந்த பிறகு ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் கண்ணில் பட்டார். 'அது மாடு போற தடமுங்க, ஆளு போற தடம் இந்தாண்ட' என்று சொல்லிவிட்டு, ரப்பர் செருப்போடு முன்னால் நடந்தார். நேபாளத்துக்கென்று வாங்கிய கனத்த பூட்ஸில் நாங்கள் வழுக்கி வழுக்கிப் பின்னால் போனோம். இனி உள்ளூர் ஆள் ஒருவர் இல்லாமல் ஏறுவதில்லை என்றும், அவருக்கு அன்றைய கூலியைக் கணக்கில் எழுதலாம் என்றும் செயற்குழு முடிவு செய்திருக்கிறது.

டிசம்பரில் குழந்தைகளோடு சங்ககிரி கோட்டை. தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்ட இடம் என்பதால் பிள்ளைகள் கேள்வி மேல் கேள்வி. வெயிலுக்கு முன் இறங்கிவிட்டோம்.

ஜனவரியில் திருவண்ணாமலை மாவட்டத்துப் பர்வதமலை. 4,560 அடி. அன்னபூர்ணாவைவிட எண் பெரியதுதானே என்று தலைவர் சொன்னார், அங்கே மீட்டர், இங்கே அடி என்பதை யாரும் அவரிடம் எடுத்துச் சொல்லவில்லை. ஆனால் பாறையில் அறைந்த கடப்பாறைப் படியில் கால் வைத்து, சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, கீழே பார்க்காமல் ஏறும் இடத்தில் தலைவரின் பேச்சு சுத்தமாக நின்றுவிட்டது. பனியில் சங்கிலி ஈரமாக இருந்தது, கையை வேட்டியில் துடைத்துத் துடைத்துத்தான் ஏறினார். மேலே மல்லிகார்ஜுனருக்குத் தன் கையாலேயே தண்ணீர் ஊற்றிய பிறகுதான் சிரித்தார்.

பிப்ரவரி, மார்ச்சில் ஏன் எங்கும் போகவில்லை என்று இளைஞர்கள் சிலர் வருத்தப்பட்டார்கள். அது காட்டுத்தீக் காலம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் 23 பேர் உயிர் போனதை நாம் மறக்கக் கூடாது. இதில் வாக்கெடுப்பு கிடையாது.

வரும் ஆண்டுக்கு, அடிவாரத்துப் புளியஞ்சோலையிலிருந்து நடந்தே கொல்லிமலை ஏறலாம் என்று யோசனை. 70 கொண்டை ஊசி வளைவில் பேருந்தில் வாந்தி எடுத்தவர்கள் கட்டாயம் பெயர் கொடுக்கவும். நேபாள வவுச்சரை வைத்துக்கொள்வதா, சண்டை போட்டுப் பணமாக வாங்குவதா என்பதை இன்று முடிவு செய்ய வேண்டும். என் ஓட்டு சண்டைக்கு. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

அப்புறம், சங்கத்தின் நைலான் கயிறு பர்வதமலையிலிருந்து வந்த பிறகு காணவில்லை. யார் வீட்டில் துணி காய்கிறதோ, அவிழ்த்துக் கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள்.