பால்கனும் ராம்சே தெருவும்

மெல்பர்ன்,
2.8.2022

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். இங்கே அனைவரும் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா என்று எழுதுங்கள்.

சென்ற வாரம் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டுக்கு விடை கொடுத்தோம். ஒன்று, 2007இல் வந்த புதிதில் நான் வாங்கிய பழைய ஃபோர்டு பால்கன் கார். மற்றொன்று, நீங்கள் இங்கிருந்த மூன்று மாதமும் தவறாமல் பார்த்த, ராம்சே தெருக்காரர்களின் கதையான ‘நெய்பர்ஸ்’ தொலைக்காட்சித் தொடர்.

காரைக் குறை சொல்ல மாட்டேன். நான்கு லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டியின் அடிப்பாகத்தில் துரு ஏறியிருந்தது. தகுதிச் சான்றிதழ் வாங்கும் அளவுக்குச் சரிசெய்ய ஆகும் செலவில் வேறொரு காரே வாங்கிவிடலாம் என்றார் மெக்கானிக். இவ்வூர் பிராட்மெடோஸில் செய்யப்பட்ட வண்டி. அங்கே கார் தயாரிப்பதையே 2016 அக்டோபரில் நிறுத்திவிட்டார்கள். நம்பர் பிளேட்டுகளை நானே கழற்றினேன். கடைசித் திருகு மட்டும் அசைய மறுத்து, எண்ணெய் விட்டு அரை மணி நேரம் காத்திருக்க வைத்தது. அதன்பின் இழுவை வண்டிக்காரர் பத்தே நிமிடத்தில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

தொடருக்கோ ஒன்றரை மணி நேர வழியனுப்பு. 1985 மார்ச்சில் தொடங்கியது, பிரிட்டனில் ஒளிபரப்பிய சேனல் விலகிக்கொண்டதால், வியாழன் இரவு 8903ஆம் அத்தியாயத்தோடு முடிந்தது. எண்பதுகளில் கார் மெக்கானிக் சார்லீனாக நடித்த பாடகி கைலி மினோக் கூட வந்தார். ஆனால் அவரை இன்னும் கொஞ்சம் பேசவிட்டிருக்கலாம். கடைசியில் சூசன் என்ற பாத்திரம் ராம்சே தெருவில் நடந்தபடி பழையதை நினைத்துப் பார்த்தபோது நான் அழுதுவிட்டேன், சிரிக்காதீர்கள். அலுவலகத்தில் பேசுவது பாதி புரியாத அந்த முதல் ஆண்டில், மாலை 6.30 மணிக்கு வரும் அந்த அரை மணி நேரம்தான் எனக்கு ஆங்கில வகுப்பு; ‘ஆர்வோ’ என்றால் பிற்பகல் என்று அதில்தான் கற்றேன்.

ராம்சே தெருவாகக் காட்டப்பட்ட, படப்பிடிப்பு நடந்த வெர்மாண்ட் சவுத் பகுதியின் ‘பின் ஓக் கோர்ட்’ தெருவுக்கு அதே காரில் உங்களை அழைத்துப் போனது நினைவிருக்கிறதா? “இந்த முட்டுச்சந்துக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?” என்று கேட்டீர்கள். காரைக் காலி செய்தபோது இருக்கைக்கு அடியில் பழைய மெல்வே வரைபடப் புத்தகம் கிடைத்தது. அந்தத் தெரு இருக்கும் பக்கத்தில் உங்கள் பென்சில் எழுத்து அப்படியே இருக்கிறது: “இங்கே இடப்பக்கம் திரும்பு, மெதுவாக.” புத்தகத்தை மட்டும் வீட்டுக்குள் எடுத்து வந்துவிட்டேன்.

அன்புடன்,
உங்கள் மகள்