பெற்றோர் கவனத்துக்கு: காலாண்டு விவரமும் நூலக வைஃபையும்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். காலாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. விடைத்தாள்களைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டோம். பார்த்துக் கையொப்பமிட்டு வகுப்பாசிரியருக்குத் திருப்பி அனுப்புங்கள். விளையாட்டுப் போட்டிகளிலும் கலைத் திருவிழாவிலும் பங்கேற்ற எல்லாருக்கும் பாராட்டுகள்.

இனி, நூலகத்து இலவச வைஃபை பற்றி.

9 முதல் 12 வரை படிக்கும் பிள்ளைகள் பலர் மாலையில் மைய நூலகத்துக்குப் போகிறார்கள். தாராளமாகப் போகட்டும். சொத்து வரி 100 ரூபாய் என்றால் அதோடு 10 ரூபாய் நூலக வரியும் கட்டுகிறோம். அந்த வசதியைக் கேட்டு வாங்கக் கூச்சம் வேண்டாம். ஆனால் எல்லாக் கிளை நூலகங்களிலும் வைஃபை இருக்காது. உறுப்பினர் அட்டை வேண்டுமா, ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் என்பதை முதல் நாளே நூலகரிடம் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். வைஃபையின் சரியான பெயரையும் அவரிடமே கேட்க வேண்டும். அதே மாதிரிப் பெயரில் யார் வேண்டுமானாலும் தன் போனிலிருந்து ஒரு போலி வைஃபையைத் தொடங்கிவிடலாம்.

இணைத்ததும் பதிவுப் பக்கம் திறந்து கைபேசி எண்ணைக் கேட்டால், ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். சிம் இல்லாத போனோடு போன பிள்ளை உங்கள் எண்ணைக் கொடுத்திருந்தால், ஓடிபியைக் கேட்டு வேறொரு போனிலிருந்து உங்களுக்குத்தான் அழைப்பு வரும். குறுஞ்செய்தியை முழுதும் படித்து, அது வைஃபைக்கான எண்தான் என்று தெரிந்த பிறகே சொல்லுங்கள். வங்கியின் பெயரோ ரூபாய்க் கணக்கோ அதில் இருந்தால் சொல்லவே கூடாது. ஏடிஎம் அட்டை எண்ணைக் கேட்கும் பக்கத்தை உடனே மூடிவிட வேண்டும். தேர்வுக் கட்டணம், ஜிபே போன்ற பணப் பரிமாற்றங்களை வீட்டு டேட்டாவில் வைத்துக்கொள்ளுங்கள்.

‘இணைந்துள்ளது, இணையம் இல்லை’ என்று வந்தால் பெரும்பாலும் பதிவுப் பக்கம் திறக்காததுதான் காரணம். விபிஎன் (இணையத் தொடர்பை வேறொரு கணினி வழியாகச் சுற்றி அனுப்பும் செயலி) இருந்தால் அணைத்து, அமைப்புகளில் ‘பிரைவேட் டிஎன்எஸ்’ஸையும் (இணைய முகவரிகளைத் தனி வழியில் தேடும் வசதி) நிறுத்திவிட்டு, அந்த வைஃபையை ‘மறந்துவிடு’ கொடுத்து மீண்டும் இணைக்க வேண்டும். பதிவு முடியும்வரை வெளியே எதையும் அந்த வைஃபை விடாது. விபிஎன், பிரைவேட் டிஎன்எஸ் இரண்டும் அதற்கு முன்பே வெளியே போகப் பார்ப்பதால் பக்கம் வராமல் நின்றுவிடுகிறது.

பாடப்புத்தகப் பிடிஎஃப், பழைய வினாத்தாள், உதவித்தொகைப் படிவம் என்று தேவையானதை வீட்டிலேயே தாளில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். பதிவிறக்க அரை மணி நேரம் போதும். படிப்பதை வீட்டில் இணையம் இல்லாமலே படிக்கலாம்.

இப்போது வருத்தத்தோடு ஒன்று சொல்கிறேன். நூலகம் மூடிய பிறகும் நம் சீருடையில் பிள்ளைகள் படிக்கட்டிலும் சுற்றுச்சுவர் மேலும் உட்கார்ந்து விளையாட்டும் படமும் இறக்கிக்கொண்டிருக்கிறார்கள். நூலகம் திறந்திருக்கும்போதும் சிலர் உள்ளே வராமல் அங்கேயே இருக்கிறார்கள். சுவர் தாண்டினால் சிக்னல் நலிந்து, போன் வைஃபையோடு மெதுவாகத்தான் தரவைப் பரிமாறும்; அதனால் மற்றவர்களுக்குக் கிடைக்க வேண்டிய நேரத்தையும் அது எடுத்துக்கொள்ளும். ஒரு படம் 1 ஜிபிக்கு மேல்கூட இருக்கும். அது இறங்கி முடியும்வரை உள்ளே போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களின் வேகத்தையும் அந்த ஒரு போன் விழுங்கிவிடும். அவர்கள் முறையிட்டிருக்கிறார்கள், அது நியாயம்.

இருட்டிய பின் தெருவோரம் போனும் கையுமாகப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பதை ஏற்க முடியாது. நூலகம் மூடும் நேரத்துக்குள் பிள்ளை வீட்டுக்குக் கிளம்பியிருக்க வேண்டும். இது பெற்றோரின் பொறுப்பு. இனி அங்கே காணப்படும் மாணவரின் பெற்றோரை மறுநாள் காலை பள்ளிக்கு அழைப்போம்.

வீட்டில் டேட்டா போட வசதியில்லாத குடும்பங்கள் இருப்பதை அறிவேன். அவர்கள் வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். வேண்டிய பாடங்களைப் பள்ளிக் கணினியிலிருந்தே பென் டிரைவிலோ போனிலோ ஏற்றித் தருகிறோம். வேலை முடிந்த களைப்போடு நூலக வாசலுக்கு வந்து பிள்ளைகளைக் கூட்டிப்போகும் அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்