போறணைப் பக்கம் நான் விடாத மகளுக்கு

உவர்மலை,
திருகோணமலை.
டிசம்பர் 9

செல்ல மகளுக்கு,

போன கிழமை நீ அனுப்பிய குரல் பதிவை நானும் அம்மாவும் மூன்று தரம் போட்டுக் கேட்டோம். கனடாவில் நீ வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் நத்தாருக்கு ஆளுக்கொரு பலகாரம் செய்து கொண்டுபோக வேண்டும், உன் பெயருக்கு நேரே கிரான்பெரி பை (pie) என்ற பழப் பலகாரத்தை எழுதிவிட்டார்கள் என்று சொல்லி, செய்முறையையும் அனுப்பி, "அப்பா, எனக்கு இது வருமா?" என்று கேட்டிருந்தாய். வரும் பிள்ளை. உடனே போன் எடுத்துச் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அளவுகளைப் போனில் சொன்னால் காற்றோடு போய்விடும். அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்துச் செய்ய ஒரு தாள் வேண்டும். எழுதி முடித்ததும் தம்பி படம் பிடித்து அனுப்புவான்.

பதில் சுணங்கியதற்குக் காரணம் உண்டு. செய்து பார்க்காத ஒன்றை உனக்குச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கொழும்பிலிருந்து வந்த ஒருவரிடம் சொல்லிக் காய்ந்த கிரான்பெரி இரண்டு பைக்கற் எடுப்பித்தேன். பச்சைப்பழம் இங்கே ஏது. வெந்நீரில் ஊறவைத்து, வீட்டு அவணில் இரண்டு தரம் செய்தேன். முதல் தரம் பிழைத்தது, இரண்டாம் தரம் சரிவந்தது. பிழைத்த கதையையும் சொல்கிறேன், அது உனக்குத் தேவைப்படும்.

முதலில் பயத்தைப் போக்கிவிடுகிறேன். பை என்றதும் நீ பயந்தது அதன் மாத்தட்டுக்காகத்தான் என்று நினைக்கிறேன். பட்டரை மாவுக்குள் உருகாமல் வைத்து, உருட்டி, மடித்து, தட்டில் விரிக்கிற வேலை லேசானதல்ல. நம் பேக்கரிக் கடையில் பேற்றிஸ் மா உருட்டிய காலத்தில் நம்மூர் வெக்கை என்னை என்ன பாடுபடுத்தியது என்று அம்மாவைக் கேள். சித்திரை வைகாசியில் ஐஸ் தண்ணீரில் கையை நனைத்து நனைத்துத்தான் அந்த மாவைத் தொடுவேன். நீ அனுப்பிய செய்முறையில் அந்தத் தொல்லையே இல்லை. பழம் அடியில் கிடக்கும், மேலே கேக் மாக்கரைசலை ஊற்றிவிட வேண்டியதுதான். பட்டர் கேக் அடிக்கிற வீட்டில் பிறந்தவளுக்கு இது ஒரு பெரிய காரியமே இல்லை.

பழத்தைப் பற்றித் தேடி வாசித்தேன். தமிழில் குருதிநெல்லி என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். நிறத்துக்கும் புளிப்புக்கும் பொருத்தமான பெயர்தான். கியூபெக்கிலும் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் ஏராளமாக விளைகிறதாம், உன் ஒன்ராறியோவிலும் உண்டாம். என்னை ஆச்சரியப்படுத்தியது அறுவடைதான். கந்தளாயிலும் மூதூரிலும் அறுவடைக்கு முதல் வயல் தண்ணீரை வடித்துவிடுவார்கள். அங்கே அறுவடைக்காகவே தண்ணீரைக் கட்டுகிறார்கள். செடியை அலைத்துவிட்டால் பழமெல்லாம் பிரிந்து மேலே வந்து மிதக்கிறது. படத்தில் பார்த்தேன், குளம் முழுக்கச் சிவப்பு. அது ஏன் மிதக்கிறது என்று உனக்குத் தெரியவேண்டுமென்றால் ஒரு பழத்தைக் குறுக்கே வெட்டிப் பார். உள்ளே நான்கு சின்ன அறை, ஒவ்வொன்றிலும் காற்று. அந்தக் காற்றினால்தான் நல்ல பழம் மேசையில் போட்டால் பந்துபோல் துள்ளும். துள்ளாமல் பொத்தென்று விழுவதையும், அமத்தினால் மெத்தென்று இருப்பதையும் எடுத்து எறிந்துவிடு.

நீ வாங்கிய பைக்கற் 340 கிராம் என்றால் அதில் ஏறக்குறைய மூன்று கப் இருக்கும். உனக்கு இரண்டு கப் போதும். மிச்சத்தைக் கழுவாமல் அப்படியே ஃப்றீசரில் போடு, பிறகு உதவும். எடுத்த பழத்தைக் கழுவி, துணியில் பரப்பி நன்றாக ஒற்றியெடு. ஈரத்தோடு போட்டால் அடி சதசதவென்று போய்விடும். ஒன்பது அங்குலக் கண்ணாடித் தட்டில் பட்டர் பூசி, பழத்தைப் பரப்பி, அதன்மேல் அரைக் கப் சீனியையும் அரைக் கப் கொட்டைப்பருப்பையும் தூவு. அங்கேயுள்ளவர்கள் வால்நட் போடுவார்கள். நீ அம்மா அனுப்பிய கஜுவைப் போடு. பல் இல்லாதவர்களும் சாப்பிடுகிற இடம், ஆனபடியால் கஜுவைப் பொடிப்பொடியாக வெட்டு.

இன்னொன்று, இதை மறக்கவே கூடாது. கொட்டைப்பருப்பு ஒவ்வாத ஆட்கள் அங்கே இருக்கிறார்களா என்று பொறுப்பானவரிடம் முன்கூட்டியே கேள். ஒருவர் இருந்தாலும் கஜு வேண்டாம், செய்முறையில் உள்ள வாதுமை எசன்ஸும் வேண்டாம். கேட்காமல் போட்டுவிட்டு, கொஞ்சம்தானே என்று நினைக்காதே. எசன்ஸுக்குப் பதில் ஒரு தோடம்பழத்தின் மேல்தோலைத் துருவிப் போட்டு, கறுவாத்தூள் ஒரு சிட்டிகை சேர். உண்மையைச் சொன்னால் எனக்கு அதுதான் கூடப் பிடித்தது. வாதுமை எசன்ஸ் கொஞ்சம் கூடினாலும் மருந்து வாசம் வந்துவிடுகிறது.

இனி மேல்மா. பட்டர் முக்கால் கப், அதாவது 170 கிராம். உங்கள் ஊர்ப் பட்டர்க்கட்டி 454 கிராம், அதில் மூன்றில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் கூட. உருக்கி, விரல் வைக்கிற சூட்டுக்கு வரும்வரை ஆறவிடு. கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் முட்டை அவிந்து திரிந்துபோகும். இரண்டு முட்டையையும் முக்கால் கப் சீனியையும் சேர்த்து வெளிறி வரும்வரை அடி. செய்முறையில் ஒரு கப் சீனி என்றிருந்தது, நான் குறைத்தேன், குறைத்தது தெரியவில்லை. ஆனால் அடியில் தூவுகிற அரைக் கப்பில் கைவைக்காதே. நான் போட்ட காய்ந்த பழம் ஏற்கெனவே சீனி ஊறியது. உன்னுடையது பச்சைப்பழம், வெறும் வாயில் கடித்தால் நம்மூர்க் கிளாக்காய்போல் பல் கூசும். அடித்த முட்டையில் பட்டரை ஊற்றிக் கலந்து, ஒரு கப் கோதுமை மாவையும் கால் தேக்கரண்டி உப்பையும் அரித்துப் போடு. பட்டரிலேயே உப்பு இருந்தால் உப்பை விட்டுவிடு.

மா போட்டபிறகுதான் கவனம். பாண் மாவை எவ்வளவு அடித்துப் பிசைகிறோமோ அவ்வளவு நல்லது, பிசையப் பிசைய மா இழுவை பிடிக்கும், அந்த இழுவையில்தான் பாண் எழும்பி நிற்கும். இந்தக் கரைசலுக்கு அந்த இழுவை வரவே கூடாது. வெள்ளை மா கண்ணுக்கு மறைந்த கணமே கரண்டியை வைத்துவிடு. பிறகும் கலக்கினால் றப்பராகிவிடும். கரைசல் கொஞ்சம் கெட்டியாகத்தான் இருக்கும், தண்ணீர் விடாதே, கரண்டியால் அங்கங்கே போட்டு மெல்ல இழுத்துவிடு. ஒன்றிரண்டு பழம் வெளியே தெரிந்தால் தெரியட்டும்.

என் முதல் தட்டு பிழைத்தது எப்படி என்றால், செய்முறையில் அப்பச்சோடாவும் இல்லை, பேக்கிங் பவுடரும் இல்லை. நாற்பது வருடப் பழக்கம், கை சும்மா இருக்கவில்லை. ஒரு தேக்கரண்டி அப்பச்சோடாவைப் போட்டுவிட்டேன். வெட்டிப் பார்த்தால் ஒவ்வொரு பழத்தையும் சுற்றி ஒரு நீல வளையம், பூஞ்சணம் பிடித்ததுபோல. இந்தப் பழத்தின் சிவப்புச் சாயம் புளிப்பில் சிவப்பாக இருக்கும், சோடாவின் காரம் பட்டால் நீலமும் பச்சையுமாக மாறிவிடும். தம்பி சாப்பிட்டான், அம்மா தொடவில்லை. நீ சோடா டப்பாவை எடுத்து வெளியே வைக்கவே வேண்டாம். முட்டையை நன்றாக அடித்தாலே போதும்.

அவணை 350இல் வை. உங்கள் அவண் பாரன்ஹீற்றில் காட்டும், நம் கணக்கில் 177 பாகை. முற்றாகச் சூடாகிய பிறகுதான் தட்டு உள்ளே போகவேண்டும். நாற்பது நிமிடம். ஃப்றீசரில் இருந்த பழம் என்றால் இளகவிடாமல் அப்படியே போட்டு, இன்னும் ஐந்து, பத்து நிமிடம் கூடவை. நடுவில் ஈர்க்குக் குத்திப் பார். அங்கே ஈர்க்குக்கு எங்கே போவாய், பல்லுக்குத்தும் குச்சி போதும். மேல்மா ஒட்டாமல் வரவேண்டும், பழச்சாறு ஒட்டினால் பரவாயில்லை.

சூட்டைப் பற்றி எழுதும்போது கை கொஞ்சம் நின்றுவிட்டது. நம்முடைய போறணைக்கு, பாண் சுடுகிற அந்த விறகடுப்புக்கு, இலக்கம் போட்ட திருகு ஒன்றும் இருக்கவில்லை. விறகு எரிந்து முடிந்து, தணலை ஒதுக்கி, உள்ளே செங்கல்லில் ஒரு பிடி மா எறிவேன். உடனே கருகினால் பொறுக்க வேண்டும். வெள்ளையாகவே கிடந்தால் சூடு போதாது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண எண்ணப் பொன்னிறத்துக்கு வந்தால் பாண் தட்டைத் தள்ளலாம். மார்கழியில் விறகு ஈரம் குடித்துப் புகைந்துகொண்டே இருக்கும். வெளியே திருவெம்பாவை பாடிக்கொண்டு சங்கும் சேமக்கலமுமாகப் போவார்கள், உள்ளே நான் நத்தார் கேக் தட்டுகளோடு நிற்பேன். எல்லா வீட்டுக்கும் நம் கடைக் கேக்தான் போகும்.

உனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். விடிய எழும்பி வந்து வாசலில் நின்றாய். நான் மா எறிகிறதைக் கண்டுவிட்டு, "நானும் எறியட்டா அப்பா?" என்று கை நீட்டினாய். "போ, போய்ப் படி. இந்தச் சூடு உனக்கு வேண்டாம்" என்று விரட்டினேன். அதற்குப் பிறகு நீ கேட்கவேயில்லை. என் கையைப் பார், முழங்கைவரை பழைய சூட்டுத் தழும்பு. அது உன் கையில் வரக்கூடாது என்பதுதான் அன்றைக்கு என் நினைப்பு முழுவதும். 2022இல் மாவும் இல்லை, சீனியும் இல்லை, இருந்தாலும் வாங்க முடியாத விலை என்று கடையைப் பூட்டியபோது, பிள்ளையைப் படிக்கவைத்தது எவ்வளவு நல்லது என்று சொல்லிக்கொண்டேன். அது சரிதான். ஆனாலும் ஒரு பிடி மாவை உன் கையில் தந்திருக்கலாம். எனக்குத் தெரிந்த தொழிலை எனக்குப் பிறந்த பிள்ளைக்குக் காட்டாமல் விட்டேனே என்று போறணையைக் கடந்து போகும்போதெல்லாம் நினைப்பேன். நீ "எனக்கு வருமா?" என்று கேட்டபோது நான் எவ்வளவு சந்தோசப்பட்டேன் என்பதை எழுதத் தெரியவில்லை.

சரி, தட்டை இறக்கியபிறகு என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறேன். ஈரமான இடத்திலோ குளிர்ந்த கல்லிலோ வைத்துவிடாதே, கண்ணாடி வெடிக்கும். மடித்த துணியின் மேல் வை. அவணுக்குள் பழமெல்லாம் பட்டுப்பட்டென்று வெடித்துச் சாறு விட்டிருக்கும். அந்தச் சாறு சூட்டில் தண்ணீர்போல்தான் ஓடும். அவசரப்பட்டு வெட்டாதே. இந்தப் பழத்தில் பெக்டின் நிறைய இருக்கிறது, அதுதான் சாற்றை ஜாம்போல் உறையவைக்கிறது. ஒரு மணித்தியாலமாவது ஆறவிட்டால் அடியில் சிவப்புப் பளிங்குபோல் இறுகிநிற்கும். முற்றாக ஆறியபிறகு மூடு. சூட்டோடு மூடினால் ஆவி இறங்கி மேல் மொறுமொறுப்புப் போய்விடும். முதல்நாள் இரவே செய்துவிடு, மறுநாள் பஸ்ஸில் கொண்டுபோகவும் அதுதான் வசதி.

அம்மாவுக்கு ஒரு குறை. ரவையும் கஜுவும் பூசணி அல்வாவும் போட்டு நம் முறையில் நத்தார் கேக் செய்து கொண்டுபோனால் அவர்களும் ருசி பார்ப்பார்களே என்கிறாள். எனக்கு அப்படிப் படவில்லை. அங்கேயுள்ள முதியவர்கள் சின்ன வயதில் தங்கள் தாய் கையால் சாப்பிட்ட ருசி கிரான்பெரியாகத்தான் இருக்கும். நம் கையால் அதை அவர்களுக்குக் கொடுப்பது எனக்குப் பெரிய விசயமாகப் படுகிறது. நம் தெருவில் நோன்புப் பெருநாளுக்கு வட்டிலப்பம் வரும், தைப்பொங்கலுக்குப் புக்கை வரும், நாங்கள் நத்தார்த் தட்டு அனுப்புவோம். அந்தந்த வீட்டு ருசி அந்தந்த வீட்டிலிருந்து வந்ததால்தான் நமக்கு இனித்தது. நம் கேக்கை உன் அறைக்குச் செய்து வை, அம்மா சாமான் அனுப்பியிருக்கிறாள்.

இங்கே மழை விட்டபாடில்லை. கடல் கலங்கிக் கிடக்கிறது, மீன் நெருப்பு விலை. தேவாலயத்தில் குடில் கட்டத் தொடங்கிவிட்டார்கள், தம்பி வைக்கோலுக்கு அலைகிறான். என் முழங்கால் பரவாயில்லை. நீ குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ.

நீ வேலை முடிந்து வந்து, அங்கே இரவு ஏழு மணிக்குத் தட்டை அவணுக்குள் வைத்தால் இங்கே விடிய ஐந்தரை. நான் பாண் இறக்கிப் பழகிய நேரம், அந்த நேரத்துக்கு இப்போதும் தானாகவே விழிப்பு வந்துவிடும். வைத்ததும் போன் எடு. நாற்பது நிமிடமும் நான் கூடவே இருக்கிறேன். ஆறியபிறகு ஒரு துண்டு வெட்டி, வெட்டின பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு. மேல்பக்கம் எல்லோரும் எடுப்பார்கள். எனக்கு அடி இறுகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா