“எங்கேக்கா கையெழுத்து போடணும்?”

வாணி,

ஏழு மாசமா எழுதலை. திட்டுறதை எல்லாம் சேத்துவெச்சு பொங்கலுக்கு வந்து திட்டிக்கோ. அம்மா நல்லா இருக்காங்க, முட்டிவலி அப்படியே. உன் பையன் சைக்கிள் போட்டோ பாத்தேன். அந்த முறைப்பு அச்சு அசல் உங்க சித்தப்பா.

பாட்டு கம்பெனி ஓடுது. கம்பெனின்னா ஒரு சாப்பாட்டு மேஜை, ஒரு லேப்டாப், நான். கிறிஸ் பிளாக்வெல் 22 வயசுல ஐலண்ட் ரெக்கார்ட்ஸ்னு ரெக்கார்டு கம்பெனி ஆரம்பிச்சு, அப்புறம் லண்டன்ல மினி கூப்பர்ல ரெக்கார்டை ஏத்திக்கிட்டு கடை கடையா அலைஞ்சார்னு உன்கிட்ட அளந்துவிட்டேனே, எனக்கு வாய்ச்சது ஸ்கூட்டி. ஏத்துறதுக்கு ரெக்கார்டும் இல்லை. பாட்டுக்கு ஐஎஸ்ஆர்சி நம்பர், அதான் ஒவ்வொரு பதிவுக்கும் இருக்கிற தனி அடையாள நம்பர், போட்டு அனுப்பிட்டு திரையையே பாத்துட்டு உக்கார வேண்டியதுதான். வருஷத்துல 1,000 தடவைகூட ஓடாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை 2024ல இருந்து காசே தர்றதில்லை. 30 செகண்டாவது கேட்டாத்தான் ஒரு தடவைன்னு கணக்கு. உன் மாமியார்கிட்ட சொல்லிவை, முன்னாடியே நிறுத்திடப் போறாங்க.

சொல்ல வந்தது இது இல்லை. காசிமேட்டுல ஒரு கானா பையன், இருபது வயசு. மேஜையை விரலால தட்டிக்கிட்டே பாடினான், எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. ஒப்பந்தத்தை நீட்டினேன். பதினோரு பக்கம். “எங்கேக்கா கையெழுத்து போடணும்?” ஒரு வரி படிக்கலைடி. உள்ளங்கை வேர்வையை பேன்ட்ல தொடச்சுட்டு, நாக்கை லேசா கடிச்சுக்கிட்டு, பக்கம் பக்கமா இங்கிலீஷ்ல பேரை எழுதுறான். மூணாவது பக்கத்துல நம்ம ரெண்டு பேரும் அந்த ஏசி ரூம்ல உக்காந்திருந்தது ஞாபகம் வந்துடுச்சு. ‘பிரபஞ்சம் முழுவதும், என்றென்றும்.’ செவ்வாய் கிரகத்துல எவன்டி கேக்கப் போறான்னு சிரிச்சோமே. 5,000 ரூபாய். அப்புறம் அந்தப் பாட்டை நீ பாடவே இல்லை.

காகிதத்தைப் பிடுங்கிட்டேன். அவன் முகம் செத்துப்போச்சு. வேண்டாம்னு சொல்றேன்னு நினைச்சுட்டான்.

உக்காரவெச்சு வரிவரியா தமிழ்ல சொன்னேன். பாட்டு எழுதினவனோட ராயல்டி பங்கை, அவனே ஆசைப்பட்டாலும், கம்பெனிக்கு எழுதிக்கொடுக்க முடியாது, காப்புரிமைச் சட்டத்தோட 2012 திருத்தம் அப்படி. எத்தனை வருஷம்னு எழுதாம விட்டா அஞ்சு வருஷம், எந்த இடம்னு எழுதாம விட்டா இந்தியா மட்டும், சட்டம் அப்படித்தான் எடுத்துக்கும். அதனாலதான் பிரபஞ்சத்தையே இழுக்குறாங்க. எல்லாத்துக்கும் தலையாட்டினான். கடைசியில ஒரே கேள்வி: “இந்தப் பாட்டை நான் சாவு வீட்ல பாடலாம்லக்கா?”

ஒன்பதாவது பக்கத்துல இருக்கு: எங்க எழுத்துபூர்வ அனுமதி இல்லாம எங்கேயும் பாடக்கூடாது. வக்கீல் சேர்த்தது இல்லை வாணி, நான் சேர்க்கச் சொன்னது. நம்ம பழைய ஒப்பந்தத்துல இருந்து அப்படியே எடுத்துக் கொடுத்தேன்.

அந்த வரியை பேனாவால அடிச்சேன். ஓரத்துல ரெண்டு பேரும் கையெழுத்து. ‘என்றென்றும்’ இருந்த இடத்துல அஞ்சு வருஷம்னு எழுதிட்டேன். போட்ட காசு அதுக்குள்ள திரும்புமான்னு கேக்காதே. வக்கீல் இன்னும் பாக்கலை.

வெள்ளிக்கிழமை பாட்டு வருது. வரும்போது அந்த கேசியோ கீபோர்டை எடுத்துட்டு வா. ரெண்டு கட்டை பேசலைன்னாலும் பரவாயில்லை.

மீனா