பாபநாசம் வழியா பொதிகை மலைக்கு நடந்து போக பெர்மிட் கேட்டு கோரிக்கை மனு

அனுப்புநர்: அம்பாசமுத்திரம் தாலுகா மலையேற்ற ஆர்வலர்கள்
பெறுநர்: உயர்திரு தலைமை வன உயிரினக் காப்பாளர் அவர்கள், சென்னை

ஐயா, வணக்கம்.

அகத்தியர் மலை, எங்க ஊர்ப்பக்கம் பொதிகைன்னுதான் சொல்லுவோம், அங்க இப்போ போகணும்னா கேரளா பக்கம் போனக்காடு வழியாத்தான் போக முடியுது. ஜனவரி சீசனுக்கு முன்பதிவு எப்போ திறக்கும்னு நெட்லயே உக்காந்து, கிடைச்சா டாக்டர் சர்ட்டிஃபிகேட் வாங்கிட்டு திருவனந்தபுரம் போய் அங்கேருந்து காட்டுக்குள்ள மூணு நாள் நடக்கணும். நான் ஒரு தடவ போயிருக்கேன், அதிருமலை கேம்ப்ல ராத்திரி கஞ்சி குடிச்சிட்டு படுத்து, விடிஞ்சதும் பொங்காலப்பாறை தாண்டி கயித்தப் புடிச்சு பாறைல ஏறி உச்சில நின்னப்போ ஒரு நிமிஷம் மேகம் விலகுச்சு, கீழ காரையார் டேம் தண்ணி பளபளன்னு தெரிஞ்சுது. எங்க வீட்டுக் குழாய்ல வர்ற தண்ணி அது ஐயா. அதப் பாக்க இன்னொரு மாநிலத்தச் சுத்திப் போக வேண்டியிருக்கேன்னு அங்கயே கண்ணு கலங்கிருச்சு.

எங்க அப்பா வாலிபத்துல இந்த மலைப் பழங்குடிகளான காணிக்காரங்க கூட பாணதீர்த்தம், இஞ்சிக்குழி, பூங்குளம்னு நம்ம பக்கமாவே நடந்து போய் வந்தவர். தாமிரபரணி பொறக்குற பூங்குளத்துல கைய வச்சா எலும்பு வரைக்கும் குளிரும்னு இப்பவும் சொல்லுவார். அந்த வழிக்கு பெர்மிட் எப்படி வாங்குறதுன்னு கேட்டு நான் மூணு ஆபீஸ் ஏறி எறங்கிட்டேன், ஒருத்தர் அங்க போங்கன்னார், அங்க போனா இங்க வாங்கன்னாங்க, முடியாதுன்னு எழுதியாவது குடுங்கன்னேன், அதுவும் கிடைக்கல.

களக்காடு முண்டந்துறை 1988லயே புலிகள் காப்பகம் ஆயிருச்சு, அந்தப் பாதை போறது காட்டோட நட்ட நடுவுல, அங்க கூட்டம் சேரக்கூடாதுங்கறது நூத்துக்கு நூறு சரி. நாங்களும் கூட்டத்தக் கேக்கல. ஆடி அமாவாசைக்கு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு அதே காப்பகத்துக்குள்ள எத்தன ஆயிரம் பேர் வர்றாங்க, அத டிப்பார்ட்மென்ட் வருஷா வருஷம் பொறுப்பா சமாளிக்குதுல்ல? நாங்க கேக்கறது வாரத்துல ரெண்டு நாள், ஒரு நாளைக்கு பத்தே பத்து பேர், ஜனவரி ஆரம்பத்துலருந்து பிப்ரவரி பாதி வரைக்கும். அதுக்கு மேல வேண்டாம், குரங்கணில 2018 மார்ச்ல தீயில போன உயிர்கள நாங்க மறக்கல, காடு காயுறதுக்கு முன்னாடி பாதைய மூடிருங்க.

அந்தப் பத்து பேர குலுக்கல்ல எடுங்க, இதுதான் எங்க முக்கியமான கோரிக்கை. முதல்ல வர்றவங்களுக்கு முதல்லன்னு வச்சா ஃபைபர் நெட் இருக்குறவங்களுக்குத்தான் கிடைக்கும், விக்கிரமசிங்கபுரத்துல பீடி சுத்துற அக்காவுக்கு கிடைக்காது. அமெரிக்காவுல யோசெமிட்டி பார்க்ல ஜான் மியூர் டிரெயில்ங்கற நெடுந்தூர நடைபாதைக்கு பெர்மிட்ட 24 வாரத்துக்கு முன்னாடியே குலுக்கல்ல போடுறாங்க, அந்தப் பாதைல இருக்குற டோனஹியூ கணவாயத் தாண்ட ஒரு நாளைக்கு 45 பேருக்கு மேல விடுறதில்ல, எத்தன பேர் கேட்டாலும் அவ்வளவுதான். நம்மகிட்டயும் ஆன்லைன் வசதி தயாரா இருக்கு, 2024 அக்டோபர்ல 40 பாதையோட ட்ரெக் தமிழ்நாடுங்கற மலையேற்றத் திட்டத்த ஆரம்பிச்சீங்க, நல்லா நடக்குது. அதுலயே இதையும் சேத்து, விண்ணப்பிக்க ஒரு வாரம் டைம் குடுத்தா போதும். பெண்களுக்கும் சமமா குடுக்கணும், கேரளா பக்கம் 2018ல ஹைகோர்ட் சொன்ன பிறகுதான் அவங்களுக்கு வழி பொறந்துச்சு.

கைடா காணி மக்களத்தான் போடணும், வெளி ஏஜென்சி வேண்டாம். ஆரோக்கியப் பச்சைங்கற செடிய உலகத்துக்குக் காட்டுனதே இந்த மலைக் காணிங்கதான், நடக்குறப்போ அந்தக் காயக் கடிச்சிக்கிட்டே களைப்பு தெரியாம போனவங்க. கைடு ஃபீஸ் முழுசா அவங்க கைக்கே போகணும். பிளாஸ்டிக் செக்கிங், எடுத்துட்டுப் போறத எண்ணி எழுதி திரும்பி வர்றப்போ சரிபாக்குறது எல்லாத்துக்கும் நாங்க கட்டுப்படுறோம்.

முதல் வருஷம் சோதனையா ஒரு சீசன் மட்டும் விட்டுப் பாருங்க ஐயா. காட்டுக்கு கேடுன்னு உங்க ஆளுங்க சொன்னா நிறுத்திருங்க, நாங்க எதிர்த்துப் பேச மாட்டோம். இந்த மனுவுக்கு முடியும், முடியாது, எதுவா இருந்தாலும் காரணத்தோட எழுத்துல பதில் வேணும்னு பணிவோட கேட்டுக்கறோம். அப்பாவுக்கு இப்போ 71 வயசு, உச்சி வரைக்கும் ஏற முடியாது, பூங்குளம் வரைக்கும் நடந்துருவேன்னு சொல்றார்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
அம்பாசமுத்திரம் தாலுகா மலையேற்ற ஆர்வலர்கள் சார்பாக