அந்த வேலை வேண்டாம் என்று சொன்னாயே

கல்லிடைக்குறிச்சி

அன்புள்ள கணபதி,

இங்கே எல்லோரும் நலம். தங்கச்சி முழங்காலுக்குக் கேட்ட தைலத்தைப் பார்சலில் போட்டுவிட்டேன், இளஞ்சூட்டில் தடவச் சொல். கன்னடியன் கால்வாயில் தண்ணீர் வந்துவிட்டது, நாற்றும் பாவியாச்சு. குரங்கு பெயர்த்துப்போட்ட உன் வீட்டுக் கூரை ஓடுகளையெல்லாம் மாற்றிவிட்டேன். பணத்துக்கு அவசரமில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். என் பெரிய மகளுக்குக் கிராம நிர்வாக அலுவலர், அதுதான் வி.ஏ.ஓ., வேலைக்கு உத்தரவு வந்ததும் என்னிடம் சொல்வதற்கு முன்னால் உனக்குத்தான் போன் போட்டிருக்கிறாள். அதில் எனக்குச் சந்தோஷம்தான். தலைமைச் செயலகத்தில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்ற மாமாவிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்கிறாள். ஆனால் நீ என்ன சொன்னாய்? "வேண்டாம்மா, அது கெட்ட பேர் எடுத்த வேலை. ஒரு வருசம் பொறு, குரூப் 2 எழுது, கோட்டைக்கு வந்துவிடு." பிள்ளை முகம் சுண்டிப்போய் உட்கார்ந்திருக்கிறாள். அதனால் உன்னோடு ஒரு சண்டை பாக்கி. போனில் போட்டால் நீ என்னைப் பேசவிட மாட்டாய். பிச்சையா கடை பெஞ்சில் நீ ஜெயித்த வழக்கெல்லாம் எதிராளியைப் பேசவிடாமல் ஜெயித்ததுதானே? அதனால்தான் காகிதம். முழுசாகப் படி.

கெட்ட பெயர் என்று சொன்னது பொய்யில்லை. எங்கள் அம்மா வழி வயல் கதை உனக்குத் தெரியும். எண்பதுகளில் யுடிஆர் என்று நிலக்கணக்கையெல்லாம் புதுப்பித்து எழுதினபோது அடுத்த வயல்காரன் பெயரையும் சேர்த்துக் கூட்டுப்பட்டாவாக ஏற்றிவிட்டார்கள். அதை நீக்கச் சொல்லி ரெவின்யூ ஆபீசுக்கு அலைந்ததில் எனக்குத் தலையே நரைத்தது. ஒருநாள் சர்வேயர் லீவு, இன்னொரு நாள் பைல் மேலே போயிருக்கும், இன்னொரு நாள் பைலே இருக்காது. திண்ணையில் மனு எழுதிக்கொடுக்கிற ஆள் ஒருவன் எந்த மேசைக்கு எவ்வளவு என்று வாய்கூசாமல் சொன்னான். நான் கொடுக்கவில்லை, கொடுத்தவர்கள் காரியம் முடிந்து வீட்டுக்குப் போனார்கள். ரசாயனம் தடவிய லஞ்ச நோட்டோடு பிடிபட்ட வி.ஏ.ஓ. என்று பேப்பரில் படிக்கிறபோதெல்லாம் நானும்தான் "நல்லா வேணும்" என்று சொல்லியிருக்கிறேன்.

ஆனால் அந்த வயல் கடைசியில் எப்படித் திரும்பி வந்தது என்று உன்னிடம் விவரமாகச் சொன்னதில்லை. அதே ஆபீசில் ஒரு பெண் கிளார்க். என் மனுவை முழுசாகப் படித்த முதல் ஆள் அவர்தான். "யுடிஆருக்கு முந்தைய 'அ' பதிவேட்டைப் பார்த்தீர்களா?" என்று கேட்டார், அதுதான் ஊர் நிலத்துக்கெல்லாம் மூலக் கணக்கு. பார்க்க யார் விட்டது? அவரே ரெக்கார்டு ரூமுக்குப் போய்த் தூசியோடு தூக்கிக்கொண்டு வந்தார். துணி பைண்டிங், ஓரமெல்லாம் பூச்சி அரித்த ஓட்டை, தாள் புகையிலை நிறம். சர்வே எண், விஸ்தீரணம், தீர்வை, கடைசிக் கட்டத்தில் கறுப்பு மையில் எங்கள் தாத்தாவின் பெயர். தகப்பனார் பெயரோடு, ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல். மாவட்ட வருவாய் அலுவலர் விசாரணையில் அந்த ஒரு வரிதான் ஜெயித்தது. அதை எழுதிய கர்ணம், அந்தக் காலத்து ஊர்க் கணக்குப்பிள்ளை, யாரென்று எனக்குத் தெரியாது. எங்கள் தாத்தாவுக்கு வேண்டியவரோ வேண்டாதவரோ. கண்ணால் பார்த்ததை ஒழுங்காக எழுதிவைத்துவிட்டுப் போய்விட்டார். அத்தனை வருசம் கழித்து அது எங்களுக்குச் சோறு போடுகிறது.

கவர்ன்மெண்ட் என்றால் என்ன என்று என்னைக் கேட்டால் நான் அந்தத் தாளைத்தான் காட்டுவேன். மந்திரி வருவார் போவார். இந்த நிலம் இன்னாருடையது, இந்தக் குழந்தை இன்ன தேதியில் பிறந்தது, இந்தப் புறம்போக்கு யாருக்கும் சொந்தமில்லை என்று கிராமத்தில் உட்கார்ந்து எழுதுகிறவர் பொய் எழுதினால் மேலே எவ்வளவு நல்லவர் இருந்தும் பிரயோஜனமில்லை. கலெக்டரும் அதைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவார். கோர்ட்டும் அதைத்தான் கேட்கும்.

அந்தக் கர்ணத்தைப் புகழ்ந்துவிட்டதால் பழைய காலம் பொற்காலம் என்று நான் சொல்வதாக நினைக்காதே. அப்பன் கணக்கு எழுதிய ஊரில் மகன் கணக்கு எழுதுவான், வேறு யாரும் அந்தத் திண்ணையில் ஏற முடியாது, அப்படித்தானே இருந்தது? 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். ஒரே அவசரச் சட்டத்தில் கர்ணம், முன்சீப்பு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பரீட்சை எழுதி வருகிறவர்களை வி.ஏ.ஓ. ஆக்கினார். 1929-லேயே சர்வீஸ் கமிஷன் வைத்த மாகாணம் நம்முடையது, அப்போது வேறெந்த மாகாணத்திலும் அது கிடையாது என்று நீதானே எங்களுக்குப் பாடம் எடுப்பாய்? அந்தக் கமிஷன் வழியாக வந்தவன்தான் நீயும். ஒரு சம்சாரி வீட்டுப் பெண் ஒரு கிராமத்தின் கணக்கைக் கையில் வாங்கப்போகிறாள். நம்ம இரண்டு பேரின் பாட்டிமாரும் அந்தத் திண்ணைப் பக்கம் நின்று மனு கொடுக்கவே பயந்தவர்கள். இதை விட்டுவிட்டுக் கோட்டைக்கு வா என்று சொல்ல உனக்கு எப்படி மனசு வந்தது?

போன வாரம் திருநெல்வேலி கலெக்டர் ஆபீசுக்கு அவளோடு போயிருந்தேன். கொக்கிரகுளத்தில் தாமிரபரணிக் கரையில் நிற்கும்போது இதையெல்லாம் அவளுக்குச் சொல்லத் தோன்றியது, பாதிதான் சொன்னேன். அந்தப் பக்கம் சுலோச்சனா முதலியார் பாலம். கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்தவர் அந்த முதலியார். ஜனங்கள் ஆற்றைக் கடக்கப் படுகிற பாட்டைப் பார்த்துத் தன் கைப்பணம் 50,000 ரூபாயைப் போட்டுக் கட்டி 1843-இல் திறந்தது. இன்றைக்கும் பஸ் ஓடுகிறது. அதே கரையில்தான் 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளருக்காக மனு கொடுக்கப் போன ஊர்வலத்தை அடித்து விரட்டினார்கள், 17 பேர் ஆற்றில் செத்தார்கள், அதில் ஒரு குழந்தையும் உண்டு. 2017 அக்டோபரில் கந்துவட்டிக்காரன் தொல்லை தாங்காமல் திரும்பத் திரும்ப மனு கொடுத்துப் பார்த்த ஒரு கூலிக் குடும்பம், திங்கட்கிழமை குறைதீர் நாளில் அந்த வளாகத்திலேயே தீக்குளித்தது. புருசன், பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள், நாலு பேரும் போய்விட்டார்கள். அதற்கப்புறம் மனு கொடுக்க வருகிறவர்களின் பையில் மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று வாசலில் சோதனை போடுகிறார்கள்.

பாலத்தைக் காட்டிவிட்டேன். தீயைப் பற்றி அவளே கேட்டாள். "அந்த மனுவெல்லாம் யார் கைக்குப் போயிருக்கும் அப்பா?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. உனக்குத் தெரிந்திருக்கும். நம் மாவட்டத்தில் கச்சேரிக்கு என்ன பெயர் என்று கேட்டால் பாலத்தையும் தீயையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். ஒன்றை மட்டும் சொல்கிறவனை நான் நம்பமாட்டேன்.

சரி, இப்போது என் மனசில் இருக்கிறதைச் சொல்கிறேன். மேலே எழுதியதெல்லாம் உனக்குப் பதில். இது எனக்கே இருக்கிற பயம்.

அவளுக்குத் தூத்துக்குடி மாவட்டம் கிடைத்திருக்கிறது. ஸ்ரீவைகுண்டம் பக்கம் ஆற்றங்கரைக் கிராமம் என்று பேச்சு. ஆற்றங்கரை என்றதும் எனக்கு முறப்பநாடுதான் ஞாபகம் வந்தது. 2023 ஏப்ரல் 25. முறப்பநாடு கோவில்பத்து வி.ஏ.ஓ. லூர்து பிரான்சிஸ் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், பட்டப்பகல், இரண்டு பேர் உள்ளே வந்து வெட்டினார்கள். அன்றைக்கே உயிர் போய்விட்டது. அவர் செய்ததெல்லாம் ஆற்று மணலைக் கடத்துகிறார்கள் என்று போலீசில் புகார் கொடுத்ததுதான். செப்டம்பரிலேயே இரண்டு பேருக்கும் ஆயுள் தண்டனை கொடுத்தது தூத்துக்குடி கோர்ட். குடும்பத்துக்கு அரசு ஒரு கோடி கொடுத்தது. எல்லாம் சரி. ஆனால் அந்த ஆபீசை நினைத்துப் பார். ஒரு அறை, ஒரு மேசை, ஒரு பீரோ, உடன் ஒரு தலையாரி. கலெக்டருக்குக் காவல் உண்டு. மணல் லாரியை நேருக்கு நேர் பார்க்கிற ஆளுக்கு என்ன உண்டு?

சர்தார் படேல் 1949-இல் அரசியல் நிர்ணய சபையில் அதிகாரிகளுக்காக வாதாடியதை நீ எத்தனை தரம் சொல்லியிருக்கிறாய். மனசில் பட்டதைத் துணிந்து சொல்லுகிற அதிகாரிகள் இல்லாவிட்டால் இந்த நாடு ஒன்றாக நிற்காது என்றாராம். அந்தத் துணிவுக்குத்தான் விசாரணை இல்லாமல் வேலையை விட்டு நீக்கக்கூடாது என்று 311-ஆம் பிரிவு வைத்தார்கள் என்பாய். எல்லாம் சரிதான் கணபதி. அந்தப் பிரிவு வேலையைக் காப்பாற்றும். அரிவாளைத் தடுக்குமா? கிராமத்தில் உண்மையை எழுதுகிறவளுக்குப் பின்னால் தாசில்தார், ஆர்.டி.ஓ., போலீஸ், கோட்டை என்று வரிசையாக நிற்க வேண்டும். நிற்காவிட்டால் நேர்மையானவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள், மற்றவர்கள் பங்கு வாங்கிக்கொள்வார்கள். கெட்ட பெயர் அங்கேதான் பிறக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். சம்பளம் போதாமல் லஞ்சம் வாங்குகிறான் என்று நீ சொன்னதை நான் ஒருகாலும் ஒப்புக்கொண்டதில்லை, இப்போதும் ஒப்புக்கொள்ளவில்லை.

பயத்தைச் சொன்னேனே தவிர அவளைப் போகாதே என்று நான் சொல்லமாட்டேன். 2023 டிசம்பர் வெள்ளத்தில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டினபோது, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயிலை ஸ்ரீவைகுண்டத்தோடு நிறுத்தினார்களே, ஞாபகம் இருக்கிறதா? அதற்கு அப்பால் தண்டவாளத்துக்கு அடியில் மண்ணே இல்லை, கம்பி அந்தரத்தில் தொங்கியது. சுமார் 800 பேர் வண்டியில். சிவப்பு சிக்னலைப் போட்டுப் பிடித்துவைத்ததால் அத்தனை பேரும் உயிரோடு வீடு போய்ச் சேர்ந்தார்கள். பக்கத்துப் புதுக்குடி ஜனங்கள் சோறு பொங்கிப் போட்டார்கள், அது தனிப் பெருமை. அந்த நேரத்தில் "போகக்கூடாது" என்று சொல்ல ஒரு ஆள் சீட்டில் இருந்தாரே, அவளும் அப்படி ஒரு சீட்டில்தான் போய் உட்காரப்போகிறாள். வெள்ளம் வடிந்த பிறகு எந்த வீடு விழுந்தது, எந்த வயலில் மணல் மூடியது என்று இடுப்பளவு சேற்றில் நடந்து கணக்கெடுத்ததும் வி.ஏ.ஓ.க்கள்தான். அந்தக் கணக்கை வைத்துத்தான் நிவாரணம் வந்தது.

அதனால் உன்னிடம் கேட்பது ஒன்றுதான். கோட்டையில் முப்பது வருசத்துக்கு மேல் கீழேயிருந்து வந்த காகிதங்களைப் படித்தவன் நீ. எந்த அறிக்கையை மேலே இருக்கிறவன் ஒதுக்கிவைக்க முடியாது, அதை எப்படி எழுத வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடு. மணல் எடுத்த குழியைப் பார்த்தால் அன்றைக்கே என்ன எழுத வேண்டும், யார் யாருக்கு நகல் போட வேண்டும், கையொப்பம் போட்ட ரசீது எப்படி வாங்கிவைக்க வேண்டும், ராத்திரி ரோந்துக்கு ரெவின்யூ இன்ஸ்பெக்டரும் போலீசும் இல்லாமல் போகாமலிருக்க எந்த விதியைக் காட்ட வேண்டும், மேலதிகாரி வாயால் சொல்வதை எழுத்தில் வாங்குவது எப்படி, இதெல்லாம் டிரெயினிங்கில் சொல்லிக்கொடுப்பார்களா என்று எனக்குச் சந்தேகம். நீ ஒரு நோட்டில் எழுதி அனுப்பு. உன் கையெழுத்து அவளுக்குப் படிக்க வரும், எனக்குத்தான் வராது.

அப்புறம், ஸ்ரீவைகுண்டம் தாலுகாவில் வேலை பார்த்த உன் பழைய சிநேகிதர் ஒருவர் ரிட்டையராகி அங்கேயே இருப்பதாகச் சொன்னாயே, அவர் நம்பரையும் கொடு. பக்கத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார் என்றால் எனக்கும் அவள் அம்மாவுக்கும் ராத்திரி தூக்கம் வரும்.

இருபதாம் தேதி சேருகிறாள். அதற்கு முன்னால் நீயே அவளைக் கூப்பிடு. குரூப் 2 பற்றிப் பேசாதே. என்னோடு சண்டை போட வேண்டுமென்றால் தசராவுக்கு வரும்போது வைத்துக்கொள்வோம்.

அன்புடன்,
மணி